கடைக் கோப்பைப் பழ ஓட்ஸ் வீட்டில் ஏன் சரியாக வருவதில்லை?

கேள்வி: வேலைக்குப் போகும் வழியில் ஒரு துரித உணவுக் கடையில் பழம் போட்ட ஓட்ஸ் ஒரு கோப்பை வாங்கிச் சாப்பிடுவது என் வழக்கம். சூடாக, மெத்தென்று, ஆப்பிள் துண்டும் உலர்திராட்சையும் பல்லில் தட்டுப்பட, இதமான இனிப்போடு இருக்கும். அதையே வீட்டில் செய்துவிடலாம் என்று மூன்று முறை முயன்றேன். முதல் முறை பசை மாதிரி ஆகிவிட்டது. இரண்டாம் முறை சப்பென்று இருந்தது. சர்க்கரையை அள்ளிப் போட்டும் ருசி வரவில்லை. மூன்றாம் முறை அன்னாசியை நறுக்கிப் போட்டு டப்பாவில் எடுத்துப் போனேன். அலுவலகத்தில் திறந்தால் ஒரே கசப்பு, பாலும் திரிதிரியாகப் பிரிந்திருந்தது. வீட்டில் 7 வயது மகன் இருக்கிறான், ஓட்ஸ் என்றாலே ஓடுகிறான். மாமியாருக்குச் சர்க்கரை நோய். அவருக்கும் இதையே கொடுக்கலாமா? காலையில் எனக்குக் கிடைப்பது 10 நிமிடம்தான். இது உடம்புக்கு உண்மையிலேயே நல்லதுதானா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, மூன்று முறையும் என்ன நடந்தது என்று விவரமாக எழுதியிருப்பதுதான். பசை, சப்பு, கசப்பு. மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது, மூன்றையும் சரிசெய்துவிடலாம். உங்கள் கைப்பக்குவத்தில் குறை ஒன்றும் இல்லை. கடைக்காரர்கள் செய்யும் சில சின்ன வேலைகள் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் கடைக் கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். இந்த வகைக் கோப்பைகளில் அதிகம் பேசப்பட்டது, மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 2011 தொடக்கத்தில் அமெரிக்கா முழுக்கக் கொண்டுவந்த பழ மேப்பிள் ஓட்ஸ். ஓட்ஸ் கலவையில் வெந்நீர் ஊற்றி, க்ரீம் சேர்த்து, மேலே நறுக்கிய ஆப்பிளும் உலர்திராட்சையும் இனிப்பூட்டிய உலர் க்ரான்பெர்ரியும் போட்டுத் தருவார்கள். ஒரு கோப்பையில் சுமார் 300 கலோரி, சுமார் 30 கிராம் சர்க்கரை. பெயரில் மேப்பிள் இருந்ததே ஒழிய, உள்ளே அசல் மேப்பிள் பாகு, அதாவது மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் இனிப்புப் பாகு, இல்லை. மேப்பிள் பாகுக்குப் பெயர்போன வெர்மான்ட் மாநிலம் அதை எதிர்த்தது. கடைசியில் அந்த மாநிலத்துக் கிளைகளில் மட்டும், கேட்பவர்களுக்கு அசல் மேப்பிள் தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த ருசி எந்த அரிய பொருளிலிருந்தும் வருவதில்லை. உப்பு, கொழுப்பு, சர்க்கரை, வாசனை, பிறகு பழம். இந்த ஐந்தும் சரியான நேரத்தில் சரியான இடத்தில் சேர்கின்றன. உங்கள் இரண்டாவது முயற்சியில் சர்க்கரை ஒன்றை மட்டும் கூட்டிக்கொண்டே போனீர்கள், மற்ற நான்கும் இல்லை. அதனால்தான் எவ்வளவு போட்டும் ருசி ஏறவில்லை.

உப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பலரும் மறப்பது அதைத்தான். இனிப்புப் பண்டத்தில் உப்பு எதற்கு என்று தோன்றும். ஓட்ஸுக்கு இயல்பாகவே மெல்லிய கசப்பும் ஒரு மண்வாசனையும் உண்டு. ஒரு சிட்டிகை உப்பு அந்தக் கசப்பை அடக்கிவிடும், அடக்கியதும் இருக்கிற இனிப்பு தானாகத் தூக்கலாகத் தெரியும். உப்பை வேகும் தண்ணீரிலேயே போட வேண்டும். வெந்த பிறகு மேலே தூவினால் உப்புக் கரிப்புதான் நாக்கில் நிற்கும்.

அடுத்தது கொழுப்பு. கடையில் க்ரீம் ஊற்றுவது பகட்டுக்காக இல்லை; பட்டை, வனிலா போன்ற வாசனைகள் கொழுப்பில் நன்றாகக் கரைந்து நாக்கில் கொஞ்ச நேரம் தங்கும். வெறும் தண்ணீரில் வெந்த ஓட்ஸில் எவ்வளவு பட்டைத் தூள் போட்டாலும் வாசனை மூக்கோடு போய்விடும். வீட்டில் க்ரீம்தான் வேண்டும் என்றில்லை. கொழுப்பு நீக்காத பால் அரை டம்ளர் போதும், அல்லது ஒரு தேக்கரண்டி பாதாம் விழுதோ நிலக்கடலை விழுதோ.

வாசனை விஷயத்தில் உங்களுக்கு ஒரு தகவல் வியப்பாக இருக்கும். மேப்பிள் பாகின் மணத்துக்கு முக்கியக் காரணமான பொருளின் பெயர் சோட்டலோன். வெந்தயத்தின் மணத்துக்குக் காரணமும் அதே சோட்டலோன்தான். செயற்கை மேப்பிள் வாசனை தயாரிப்பதற்கு வெந்தயச் சாற்றைப் பயன்படுத்துவது நெடுநாள் வழக்கம். ஆக, அந்தக் கடை வாசனை உங்களுக்கு அவசியம் வேண்டும் என்றால், நான்கைந்து வெந்தயத்தை நிறம் மாறும்வரை மெல்லிய சூட்டில் வறுத்து, பாலைச் சூடாக்கும்போது அதில் போட்டு, வடிகட்டிச் சேர்த்துப் பாருங்கள். நான்கைந்து என்றால் நான்கைந்து விதைதான். அதற்கு மேல் போனால் கசந்துவிடும்.

சரி, இப்போது பசைக்கு வருவோம்.

ஓட்ஸ் என்று ஒரே பெயரில் விற்றாலும் கடையில் இருப்பது குறைந்தது நான்கு வகை. தானியத்தை உமி நீக்கி, சிக்கு வாடை வராமல் இருக்க ஆவியில் சூடுபடுத்தி, கத்தியால் இரண்டு மூன்றாக வெட்டினால் அது வெட்டு ஓட்ஸ். முழுதாக உருளைகளுக்கு நடுவே நசுக்கினால் தட்டை ஓட்ஸ். அதையே இன்னும் சிறிதாக வெட்டி மெல்லியதாக நசுக்கினால் விரைவு ஓட்ஸ். முன்கூட்டியே வேகவைத்து உலர்த்தி ரொம்ப மெல்லியதாக ஆக்கினால் உடனடி ஓட்ஸ். பாக்கெட்டின் முகப்பில் எழுதியிருக்கும் விளம்பரப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பின்புறம் வேகும் நேரம் போட்டிருப்பார்கள். 20 நிமிடத்துக்கு மேல் என்றால் வெட்டு ஓட்ஸ், 5 நிமிடம் என்றால் தட்டை, ஒன்று முதல் மூன்று நிமிடம் என்றால் விரைவு, வெந்நீர் ஊற்றினாலே போதும் என்றால் உடனடி.

ஓட்ஸ் வேகும்போது அதன் மாவுச்சத்தும் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்தும் தண்ணீரில் இறங்குகின்றன. கொஞ்சம் இறங்கினால் மெத்தென்ற பதம். நிறைய இறங்கினால் சுவரொட்டி ஒட்டலாம். எவ்வளவு இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது இரண்டு. ஓட்ஸ் எவ்வளவு மெல்லியது என்பது ஒன்று, நீங்கள் எத்தனை முறை கிளறுகிறீர்கள் என்பது இன்னொன்று. அடிப்பிடிக்கும் என்று பயந்து உடனடி ஓட்ஸை விடாமல் கிளறியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆரம்பத்திலிருந்தே பாலில் வேகவைத்தால் இன்னும் மோசம், அடிப்பிடிக்கவும் செய்யும், கெட்டியாகவும் ஆகும்.

அடுப்பில் செய்வதற்குத் தட்டை ஓட்ஸ் வாங்குங்கள். ஒருவருக்கு அரை கப், அதாவது 40 கிராம். அதை வெறும் வாணலியில் மிதமான சூட்டில் இரண்டு நிமிடம் வறுத்தால் கொட்டைப் பருப்பு போல ஒரு மணம் எழும், அங்கே நிறுத்திவிடுங்கள். இந்த வறுக்கும் வேலையை விடுமுறை நாளில் ஒரு வாரத்துக்கும் சேர்த்து முடித்து, ஆறவைத்து டப்பாவில் மூடி வைத்துவிட்டால் தினமும் இரண்டு நிமிடம் மிச்சம். வறுத்த ஓட்ஸ் சீக்கிரம் குழையாது, ருசியும் ஒரு படி மேல். நேரமே இல்லாத வாரத்தில் கூட இந்த ஒரு வேலையை மட்டும் விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

200 மில்லி தண்ணீரில் சிட்டிகை உப்புப் போட்டுக் கொதிக்கவிடுங்கள். கொதித்த பிறகு ஓட்ஸைப் போடுங்கள். குளிர்ந்த தண்ணீரிலேயே போட்டு அடுப்பை மூட்டினால் அதிகம் குழைந்து பாயசம் போல வரும். கொதிநீரில் போட்டால் இதழ் இதழாக நிற்கும். கடைப் பதம் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், கொதிநீரில் போட்டு, தீயைக் குறைத்து, நான்கைந்து நிமிடம் வேகவிட்டு, இடையில் இரண்டு மூன்று முறை மட்டும் கிளறினால் சரியாக வரும். கடைசி ஒரு நிமிடத்தில் சூடான பால் அரை டம்ளர் ஊற்றி, பட்டைத் தூள் ஒரு சிட்டிகை போட்டு இறக்குங்கள். இறக்கும்போது கொஞ்சம் தளர்வாக, இன்னும் வற்ற வேண்டுமோ என்று தோன்றும்படி இருக்க வேண்டும். மூடி போட்டு இரண்டு நிமிடம் வைத்தால் அதுவே இறுகிக்கொள்ளும். அடுப்பிலேயே சரியான கெட்டி வரும்வரை காத்திருந்தால், தட்டுக்கு வரும்போது பசையாகிவிடும். உங்கள் முதல் முயற்சியில் இதுவும் நடந்திருக்கலாம்.

மைக்ரோவேவ் இருந்தால் அதே அளவு. ஆனால் கோப்பை பெரியதாக இருக்கட்டும், ஓட்ஸ் பொங்கி வழியும். முழுச் சக்தியில் வைக்காமல் பாதிச் சக்தியில் மூன்று நான்கு நிமிடம் வைத்தால் வழியாது.

பழத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக் கோப்பையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதில் இரண்டு விதமான பழம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒன்று சாறு உள்ள, நறுக்கென்று கடிபடும் பழம். இன்னொன்று உலர்ந்து, மென்றால் இனிப்பு இறங்கும் பழம். இரண்டும் சேர்ந்தால்தான் ஒவ்வொரு வாயும் வேறு மாதிரி இருக்கும், சலிக்காது. வீட்டில் நாம் எல்லாப் பழத்தையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்து எல்லாவற்றையும் ஒரே பதமாக்கிவிடுகிறோம்.

அரை ஆப்பிளைத் தோலோடு எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதியைப் பொடியாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி உலர்திராட்சையோடு சேர்த்து, ஓட்ஸ் பாதி வெந்ததும் அதிலேயே போட்டுவிடுங்கள். ஆப்பிள் இளகி வாசனை கொடுக்கும், திராட்சை உப்பித் தன் இனிப்பைச் சுற்றிலும் விடும். மீதிப் பாதியைக் கொஞ்சம் பெரிய துண்டாக நறுக்கிப் பச்சையாகக் கடைசியில் மேலே போடுங்கள். கடைகளில் நறுக்கிய ஆப்பிள் கறுக்காமல் இருக்கக் கால்சியம் அஸ்கார்பேட் என்ற வைட்டமின் சி உப்பைப் பயன்படுத்துவார்கள். நமக்கு எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு போதும், இரவே நறுக்கிப் பிசறி பிரிட்ஜில் வைத்துவிடலாம். அந்தப் புளிப்பும் ஓட்ஸுக்கு நன்றாகவே இருக்கும்.

உலர் க்ரான்பெர்ரி வாங்குவதானால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் பழம் இயல்பில் மிகவும் புளிப்பு, அதனால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து உலர்த்தியது. உலர்திராட்சையிலும் எடையில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் சர்க்கரை உண்டு, ஆனால் அது பழத்தின் சொந்தச் சர்க்கரை. எதுவானாலும் ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கைப்பிடி கணக்கு வேண்டாம்.

இனி அன்னாசி. பச்சை அன்னாசியில் ப்ரோமெலைன் என்ற நொதி இருக்கிறது, புரதத்தை வெட்டுவதுதான் அதன் வேலை. வெதுவெதுப்பான பால் கலந்த ஓட்ஸில் அதைப் போட்டு டப்பாவில் மூடி எடுத்துப் போனீர்கள். பயணம் முழுக்க அது பாலின் புரதத்தைத் துண்டு துண்டாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அப்படி வெட்டுப்பட்ட சில துண்டுகள் கசக்கும். கூடவே பழத்தின் புளிப்பு பாலைத் திரித்துவிட்டது. பச்சைப் பப்பாளியிலும் கிவியிலும் இதே போன்ற நொதிகள் உண்டு. நொதிக்குச் சூடு ஆகாது என்பதுதான் இதற்கு வழி. அன்னாசித் துண்டுகளை ஒரு கரண்டித் தண்ணீரில் நாலைந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டால் நொதி செயலிழந்துவிடும். டின்னில் வருவது ஏற்கெனவே சூடுபடுத்தியது, அதில் இந்தத் தொல்லை இல்லை. புளிப்பு அப்படியேதான் இருக்கும் என்பதால், பாலோடு கலக்காமல் தனிச் சின்ன டப்பாவில் எடுத்துப் போய்ச் சாப்பிடும்போது மேலே போட்டுக்கொள்ளுங்கள். ஆரஞ்சுக்கும் அதே முறை.

வாழைப்பழம் இதற்கு நேர் எதிர், பாலோடு அப்படி ஒத்துப்போகும். நன்றாகப் பழுத்ததில் பாதியை மசித்து ஓட்ஸ் வேகும்போதே சேர்த்தால் சர்க்கரையே வேண்டாம். மாம்பழத்தைக் கடைசியில் மேலே போடுவதே நல்லது. உறையவைத்த பெர்ரிகள் இருந்தால் கரையவிடாமல் நேராகக் கடைசி நிமிடத்தில் போடலாம். தர்பூசணி மாதிரி தண்ணீர்ப் பழங்களை இதில் சேர்க்காதீர்கள், பதமே கெட்டுவிடும்.

அடுப்பு பற்றவைக்கக்கூட நேரம் இல்லாத நாட்களுக்குக் கடைக்காரர்களின் வழியையே எடுத்துக்கொள்வோம். அவர்கள் காலையில் சமைப்பதே இல்லை. கலவை தயாராக இருக்கும், வெந்நீர் ஊற்றி மூடி வைப்பார்கள். அதற்கு 6 வேளைக்கான கலவை சொல்கிறேன். விரைவு ஓட்ஸ் 240 கிராம் எடுத்து, அதில் மூன்றில் ஒரு பங்கை மிக்ஸியில் இரண்டே சுற்று சுற்றிக் கொரகொரப்பாக்குங்கள். கடைக் கலவையில் கெட்டித்தன்மைக்குப் பதப்படுத்திய மாவுப்பொருள் சேர்ப்பார்கள், அந்த வேலையை இந்த ரவை செய்துவிடும். பால் பவுடர் 6 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, பட்டைத் தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, உலர்திராட்சை 6 மேசைக்கரண்டி சேர்த்துக் கலந்து, ஈரமில்லாத டப்பாவில் போட்டு மூடுங்கள். சர்க்கரை வேண்டாம். ஒரு வேளைக்கு ஏறக்குறைய 60 கிராம் வரும். அகன்ற வாய் ஃபிளாஸ்கில் போட்டு 200 மில்லி நன்றாகக் கொதித்த தண்ணீரை ஊற்றி ஒரு முறை கலக்கி, 5 நிமிடம் மூடினால் தயார். தண்ணீர் கொதித்திருக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஓட்ஸ் ஊறுமே தவிர வேகாது. அடுப்பில் பசையாகும் அதே மெல்லிய ஓட்ஸ் இங்கே கிளறாமல் இருப்பதால் அழகாக வரும்.

இரவே ஊறவைத்துச் சாப்பிடும் முறையும் நல்லதுதான், அரை கப் தட்டை ஓட்ஸுக்கு அரை கப்பிலிருந்து முக்கால் கப் வரை பால். ஆனால் அது குளிர்ச்சியாக, வேறு ருசியில் இருக்கும். நீங்கள் தேடுவது சூடான கோப்பை என்பதால் அதை வற்புறுத்தவில்லை. ஊறவைப்பதானால் பிரிட்ஜில்தான். வெந்த ஓட்ஸ் மீந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும், சமையல் மேடையில் இரவு முழுக்க வைத்துக் காலையில் சூடுபண்ணுவது ஆகாது. பாலும் தானியமும் சேர்ந்த ஈர உணவில் கிருமிகள் சீக்கிரம் பெருகும்.

சர்க்கரையை நான் கடைசிக்கு வைத்திருப்பதற்குக் காரணம், அதைக் கடைசியில்தான் போட வேண்டும் என்பதே. வேகும்போது போட்ட சர்க்கரை கோப்பை முழுக்கப் பரவி எங்கேயும் தெரியாமல் போய்விடும். பரிமாறும்போது ஒரே ஒரு தேக்கரண்டி பழுப்புச் சர்க்கரையை மேலே தூவிக் கலக்காமல் சாப்பிட்டால், நாக்கு முதலில் அதைத்தான் தொடும். மூன்று கரண்டி இனிப்பு போலத் தெரியும். என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களிடம் சர்க்கரையை விடுங்கள் என்று முதல் நாளே நான் சொல்வதில்லை, இடத்தை மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். பெரும்பாலும் அளவு தானாகக் குறைந்துவிடுகிறது.

நல்லதுதானா என்று கேட்டீர்கள். கணக்கு போட்டே பார்ப்போம். 40 கிராம் ஓட்ஸ், 100 மில்லி பால், அரை ஆப்பிள், ஒரு மேசைக்கரண்டி உலர்திராட்சை, ஒரு மேசைக்கரண்டி பாதாம் அல்லது வால்நட், ஒரு தேக்கரண்டி சர்க்கரை. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 350 கலோரி, 10 கிராம் புரதம், 7 கிராம் நார்ச்சத்து. மொத்தச் சர்க்கரை 25 கிராமுக்குப் பக்கம் வரும். கடைக் கோப்பையிலும் சுமார் 30தானே, பெரிய வித்தியாசம் இல்லையே என்று நினைப்பீர்கள். வித்தியாசம் இருக்கிறது. இந்த 25இல் நாம் சேர்த்தது 4 கிராம்தான், மீதி பழத்திலும் பாலிலும் இயல்பாக இருப்பது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் குறைக்கச் சொல்வது, தனியாகச் சேர்க்கும் சர்க்கரையையும் தேன், பாகு, பழச்சாறு போன்றவற்றில் இருப்பதையும்தான். முழுப் பழத்தின் சர்க்கரையையும் பாலின் சர்க்கரையையும் அதில் சேர்ப்பதில்லை. ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 5 சதவீதத்துக்குக் கீழே என்பது அதன் அளவு. பெரியவர்களுக்கு அந்த 5 சதவீதம் சுமார் 25 கிராம். காலையிலேயே அதில் பாதிக்கு மேல் ஒரு கோப்பையில் கரைந்துவிட்டால், நாள் முழுக்க மற்றதற்கு இடம் இருக்காது.

ஓட்ஸின் உண்மையான பெருமை பீட்டா குளுக்கன். குடலில் கூழ் போலப் படர்ந்து, கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து செய்யும் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றும். அதை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். கெட்ட கொலஸ்ட்ரால் குறைய நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் வேண்டும். இதை வைத்துத்தான் 1997இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஓட்ஸ் பாக்கெட்டுகளில் இதய நலம் பற்றி எழுத அனுமதி தந்தது. 40 கிராம் ஓட்ஸில் அது ஒன்றரை முதல் 2 கிராம் வரை இருக்கும். ஆகவே ஒரு கோப்பை பாதி வழிதான், அதையே மருந்தாக நினைத்துவிடக் கூடாது. புரதமும் ஓட்ஸில் மட்டும் பார்த்தால் 5 கிராம்தான். 11 மணிக்கே பசிக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் பாலையும் கொட்டைகளையும் விட்டவர்களாக இருப்பார்கள். நீங்கள் அதை விடாதீர்கள். இதுவரை நார்ச்சத்துக் குறைவாகச் சாப்பிட்டு வந்திருந்தால் முதல் வாரம் வயிறு உப்பலாம், பாதி அளவில் தொடங்கித் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். 7 வயதுப் பிள்ளைகள் ஓட்ஸை வெறுப்பது பெரும்பாலும் ருசிக்காக இல்லை, அந்தக் குழைந்த பதத்துக்காக. அவனைக் கெஞ்ச வேண்டாம், கொஞ்சம் கெட்டியாக இறக்கி, ஆப்பிள், வாழைப்பழம், உடைத்த பாதாம் மூன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து அவனே அலங்கரித்துக்கொள்ளட்டும். மேலே தூவும் சர்க்கரைக் கரண்டியும் அவன் கையிலேயே இருக்கட்டும், ஒன்று என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு வாழைப்பழம், அரை கப் ஓட்ஸ், ஒரு முட்டை, கொஞ்சம் பால் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து, தவாவில் உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னதாக ஊற்றிச் சுட்டுக் கொடுங்கள். கையில் எடுத்துக் கடித்துச் சாப்பிடுவதால் குழைவு பற்றிய சண்டையே எழாது. ஓட்ஸ் போட்டது என்பதை மறைக்காதீர்கள், கேட்டால் சொல்லுங்கள்.

மாமியாருக்கு இதே கோப்பையை அப்படியே கொடுக்க வேண்டாம். கொடுக்கலாம், ஆனால் மாற்றி. ஓட்ஸ் என்றாலே சர்க்கரை நோய்க்கு நல்லது என்று பலரும் நம்பி உடனடி ஓட்ஸை நிறையச் சாப்பிடுகிறார்கள், எனக்கு அதில்தான் கவலை. எவ்வளவு மெல்லியதாக நசுக்கப்பட்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாக அது சர்க்கரையாக மாறி ரத்தத்தில் ஏறும். அந்த வேகத்தைக் காட்டும் எண்தான் கிளைசீமிக் குறியீடு; வெட்டு ஓட்ஸுக்கும் தட்டை ஓட்ஸுக்கும் அது 55ஐ ஒட்டி இருக்கும். உடனடி ஓட்ஸுக்கு அது 80ஐ நெருங்கும். அவருக்கு வெட்டு ஓட்ஸ் 30 கிராம் போதும். இரவே தண்ணீர் ஊற்றிப் பிரிட்ஜில் ஊறவைத்தால் காலையில் 10 நிமிடத்தில் வெந்துவிடும், உங்களுடையது வேகும் அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிடலாம். உலர்திராட்சையும் சர்க்கரையும் தேனும் வேண்டாம். தோலோடு கால் ஆப்பிள், ஒரு கைப்பிடிக்குக் குறைவாகக் கொட்டைகள், பட்டைத் தூள். இனிப்பு குறைவு என்று தோன்றாமல் இருக்க உப்புச் சிட்டிகையை மறக்காதீர்கள். ரத்த அழுத்தம் இருந்து உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அதையும் விட்டு எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் மாத்திரை போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஓட்ஸ் சாப்பிட வேண்டும், பாலும் நார்ச்சத்தும் அதை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும்.

எந்த உணவும் ஒவ்வொருவர் உடம்பிலும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும் என்பதால் அவர் விஷயத்தில் நான் கணிப்பைவிட அளவீட்டையே நம்புவேன். மூன்று நாள், இதே அளவில், சாப்பிடத் தொடங்கும் முன் ஒரு முறையும் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் காலை உணவை மாற்றும் முன்பே அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த ஆறு எண்களையும், அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். 30 கிராமையே தொடரலாமா, குறைக்க வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.